வீட்டில் பழகிய டிஜேவுக்கு முதல் மேடை எங்கிருந்து வரும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மதுரையிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து, இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே கன்ட்ரோலரில் (கணினியோடு இணைத்துப் பாடல்களைக் கலக்கும் கருவியில்) பழகி, இருபதுக்கும் மேற்பட்ட மிக்ஸ்களை (பாடல்களை இடைவிடாமல் கலந்த பதிவுகளை) இணையத்தில் ஏற்றி, நகரத்தின் பல பார்களுக்கும் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. இன்னும் நல்ல கருவி வாங்க வேண்டுமா, பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டுமா, முதல் வாய்ப்பும் அதன்பின் ரெசிடென்சியும் (ஓரிடத்தில் வாரந்தோறும் நிலையான வாய்ப்பு) எப்படிக் கிடைக்கும், வேலையை எப்போது விடலாம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருப்பதாக எனக்குப் படுகிறது: மிக்ஸ் நன்றாக இருந்தால் கேட்பவர் கூப்பிட்டுவிடுவார் என்பது. அது ஏன் பலிக்கவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இத்தொழிலுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் ஒரு சவுண்ட் சர்வீஸில் ஸ்பீக்கர் தூக்கினேன். பிறகு ஓர் ஓட்டல் பாரில் ஆறு ஆண்டுகள் ரெசிடென்ட் டிஜேயாக இருந்தேன். இப்போது பாட்டுப் போடுவது குறைந்து, இரண்டு இடங்களுக்கு வாரந்தோறும் யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் வேலைதான் அதிகம். வாய்ப்புக் கேட்டுக் கதவருகே நின்றதும் உண்டு, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. சென்னையின் ஓட்டல் பார்கள், திருமண வரவேற்புகள், கல்லூரி விழாக்கள் ஆகியவற்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். பெங்களூரிலும் கோவாவிலும் டெக்னோ போன்ற ஒரே வகை இசையை மட்டும் நம்பி நடக்கும் இரவுகளின் வழக்கம் வேறு. அங்கே நிகழ்ச்சி நடத்தும் குழுக்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன, ஆகவே நான் சொல்வதில் பாதிதான் அங்கே பொருந்தும்.

முதலில், உங்கள் செய்தியைப் பெற்றவர் யார் என்று பாருங்கள். நம் மாநிலத்தில் டான்ஸ் ஃப்ளோர் உள்ள பார்களில் பெரும்பாலானவை எஃப்எல்3 என்ற மது பரிமாறும் உரிமம் பெற்ற ஓட்டல்களுக்குள் இருப்பவை. அண்ணா சாலையில் தி பார்க் ஓட்டலின் பாஷா, டி.டி.கே. சாலையில் பார்க் ஷெரட்டனின் டப்ளின் என்று சென்னையின் டிஜேக்கள் ஒரு தலைமுறையாகச் சொல்லிவந்த பெயர்களே ஓட்டல்களுக்குள் இருந்தவைதான். எனவே முடிவெடுப்பவர் இசைப் பித்துப் பிடித்த கிளப் உரிமையாளர் அல்லர். ஓட்டல் மேலாண்மை படித்து வந்த, பார், காபி ஷாப், விருந்து அரங்கு மூன்றையும் ஒருசேரக் கவனிக்கும் எஃப் அண்ட் பி (உணவு, பானப் பிரிவு) மேனேஜர். அறுபது நிமிட மிக்ஸைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, கேட்டாலும் அதில் அவருக்கு வேண்டிய செய்தி எதுவும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வருவாரா, ஆறு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வார், குடித்துவிட்டு வந்து ஒருவர் அதே பாட்டை மூன்றாவது முறை கேட்டால் எப்படிச் சமாளிப்பார், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிப்பாரா என்பனவே அவருடைய கவலைகள். இவற்றுக்குப் பதில் தெரிந்த ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், அல்லது அவரே உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இது சென்னையின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். டிஜே என்ற தொழில் உருவான காலத்திலிருந்தே முதல் வாய்ப்பு இப்படித்தான் வந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் சால்வேஷன் டூ என்ற கிளப்பில் வழக்கமாகப் பாட்டுப் போடும் டெர்ரி நோயல் ஓர் இரவு நேரத்துக்கு வரவில்லை. அந்த இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லி ஃபிரான்சிஸ் கிராஸ்ஸோவை அழைத்தார்கள். இரண்டு பாடல்களின் தாளத்தை ஒன்றோடொன்று பொருத்திக் கலக்கும் முறைக்கு முன்னோடி என்று இன்று சொல்லப்படுபவர் அவரே. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஹிப்ஹாப்பின் தந்தை எனப்படும் கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்தை எந்தக் கிளப்பும் கொடுக்கவில்லை. பள்ளி திறக்கும் முன் புது உடை வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை சிண்டி ஏற்பாடு செய்தது அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். 1977இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்புக்கு முதலில் அழைக்கப்பட்டவர் நியூயார்க் டிஜே லாரி லெவான்; அவர் நியூயார்க்கை விட்டு வர மறுத்ததால் அவருடைய நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் போனார். ஹவுஸ் என்ற இசை வகைக்குப் பெயர் அந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வராத ஒருவருக்கு மாற்றாக நிற்பது, தானே ஒரு நிகழ்ச்சி நடத்துவது, இன்னொரு டிஜே கைகாட்டுவது என்ற இந்த மூன்று வழிகளைத் தவிர நான்காவதாக ஒன்றில் நுழைந்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

மாற்றாள் வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதும் அதுதான். இரண்டே இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, செவ்வாய் அல்லது புதன்கிழமைகளில் போய் உட்காருங்கள். வெள்ளி, சனிகளில் பல இடங்களில் தனியாக வரும் ஆண்களை, அவர்கள் சொல்கிறபடி ஸ்டாக்ஸை, உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் அன்று கன்சோலில், அதாவது டிஜேயின் மேசையில், இருப்பவருக்கு உங்களிடம் பேச நேரமிருக்காது. கூட்டமில்லாத நாளில் எட்டு மணிக்கே போனால், ரெசிடென்ட் டிஜே, சவுண்ட் இன்ஜினியர், பார் டெண்டர் எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள். போன முதல் நாளே வாய்ப்புக் கேட்காதீர்கள், பென் டிரைவை நீட்டாதீர்கள், அவர் பாட்டுப் போடும்போது கன்சோலுக்குள் தலையை விடாதீர்கள். நன்றாக இருந்த ஒரு மாற்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். அடுத்த வாரமும் வாருங்கள். நான்கைந்து வாரங்களில் உங்களையும் டிஜே என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில், தன் இடத்தைப் பறிக்கக்கூடிய தேர்ந்த போட்டியாளரை அவர் அழைக்கமாட்டார், முன்பின் தெரியாதவரையும் அழைக்கமாட்டார். பழகிய புது ஆளைத்தான் அழைப்பார். இது கொஞ்சம் சுயநலம்தான், ஆனால் அதனால் உங்களுக்கு நன்மை.

ஆண்டில் ஒரு நாள் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகிறது. டிசம்பர் 31 அன்று ஓட்டல்கள், ரிசார்ட்டுகள், கிளப்புகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிஜே வேண்டும். அன்று ஊரில் உள்ள டிஜேக்கள் போதவே மாட்டார்கள். முன்னணியில் இருப்பவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விடுவதால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் சிறிய ரிசார்ட்டுகளும் பெரிய இடங்களின் முன்னிரவு நேரங்களும் காலியாக இருக்கும். நவம்பர் முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்த டிஜேக்களிடமும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் அன்று நீங்கள் இருப்பதாகச் சொல்லிவையுங்கள். என் கையால் முதல் வாய்ப்புப் பெற்றவர்களில் ஒருவர் அப்படித்தான் நுழைந்தார்.

அழைப்பு வரும்போது தயாராக இருப்பது என்றால் என்ன என்பதில் கருவி பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அடங்கியிருக்கிறது. புதிய கன்ட்ரோலர் வாங்காதீர்கள். ஓட்டல்களில் இருப்பவை பெரும்பாலும் பயோனியர் நிறுவனத்தின் சிடிஜேக்களும் (பென் டிரைவிலிருந்து பாட்டு ஓட்டும் பிளேயர்கள்) அவற்றின் ஒலியைக் கலக்கும் டிஜேஎம் மிக்சரும்தான். அவையும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஓர் இடத்தில் 2020இல் வந்த சிடிஜே-3000 இருக்கும். இன்னோர் இடத்தில் 2009இல் வெளியான சிடிஜே-2000 இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும், அதில் ஏதாவதொரு பொத்தான் வேலை செய்யாது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோவிலோ பயிற்சிப் பள்ளியிலோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இவற்றில் பழகிவிடுங்கள். பாடல்களை ரெக்கார்ட்பாக்ஸ் என்ற மென்பொருளில் அலசி, 32 ஜிபி பென் டிரைவ் இரண்டில் ஒரேபோல ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஃப்ளாக் என்ற வடிவிலான ஒலிக் கோப்புகளை 2016இல் வந்த சிடிஜே-2000 நெக்சஸ் டூவுக்கு முந்திய அந்த வரிசைக் கருவிகள் படிக்காது என்பதால் 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது ஏஐஎஃப்எஃப் போதும். ஹெட்ஃபோனின் சிறிய முனையைப் பெரிய துளையில் செருகும் இணைப்பான் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். பத்து ரூபாய்ப் பொருள் இல்லாமல் வந்து நின்று விழித்த டிஜேக்களின் எண்ணிக்கை உங்களை வியக்கவைக்கும்.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரியக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் சிறிய ஸ்பீக்கரில் பழகியவர்கள், அரங்கில் சத்தம் போதவில்லை என்று தோன்றியதும் கெயின் என்ற ஒலி அளவுக் குமிழைத் திருகுகிறார்கள். ஒலி கூடுவதில்லை, கரகரக்கத்தான் செய்கிறது, அதைத் தாங்க முடியாமல் ட்வீட்டர் (கூர்மையான ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கர்) கருகினால் அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் விடியும்வரை நடக்கும். ஸ்பீக்கர் தூக்கியவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சவுண்ட் இன்ஜினியரிடம் போனவுடன் பெயர் கேட்டு, எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று விசாரியுங்கள். அடுத்த முறை மேனேஜர் யாரை அழைக்கலாம் என்று முதலில் கேட்பது பல இடங்களில் அந்த இன்ஜினியரைத்தான்.

என் முதல் இரவைச் சொல்கிறேன். ரெசிடென்டுக்கு மஞ்சள் காமாலை. ஆம்ப்ளிஃபையர் மாற்ற வந்திருந்த என்னைப் பார்த்து, உனக்குப் பாட்டுப் போடத் தெரியும்தானே என்றார்கள். எட்டரை மணிக்கு ஏறினேன். கையில் இருந்த மிகச் சிறந்த பாடல்களை முதல் அரை மணியிலேயே கொட்டிவிட்டேன். கீழே மூன்று மேசைகளில் எட்டுப் பேர். அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தி ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசை பில் கேட்டு எழுந்தது. மேனேஜர் கன்சோலுக்கு வந்து, ஒன்றும் கோபப்படாமல், சாப்பிட விடு தம்பி என்றார். பத்தரை மணிக்கு நிஜமாகவே கூட்டம் ஆடத் தயாரானபோது, போட்டதையே திரும்பப் போடுவதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் என்னை அழைக்கவில்லை. அதற்கடுத்த மாதம்தான் அழைத்தார்கள், அதுவும் முன்னிரவுக்கு மட்டும்.

வார்ம் அப் என்று சொல்லப்படும் அந்த முன்னிரவுதான் புது ஆளுக்குக் கிடைக்கும் இடம், ரெசிடென்சி தீர்மானமாவதும் அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். இரவு எட்டிலிருந்து பத்துவரை அரங்கு காலியாகவோ கால்வாசியாகவோ இருக்கும். அப்போது மேசைக்கு எதிரே இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் ஒலி இருக்க வேண்டும். வேகம் 100இலிருந்து 112 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) நின்று, மணிக்கு மணி சற்றே ஏறலாம். எல்லோரும் அறிந்த பாடல்களைத் தொடாமல், அதே இசையமைப்பாளரின் அதிகம் தேயாத பாடல்களையோ பரிச்சயமான மெட்டின் வேறு வடிவத்தையோ போட்டால், தலை அசையும், ஆனால் யாரும் எழுந்து ஆடவேண்டிய கட்டாயம் வராது. உங்களுக்குப் பின் வருபவர் எதில் தொடங்குவார் என்று முன்பே கேட்டு, அவருக்கு மூன்று நான்கு பிபிஎம் கீழே நிறுத்திக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அவருடைய பெரிய பாடல்களில் ஒன்றை நீங்கள் முந்திக்கொண்டு போட்டுவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு நன்றாகக் கலந்திருந்தாலும் அவர் அதை மறக்கமாட்டார். வீட்டு மிக்ஸில் இந்தத் திறமை எதுவும் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் தங்களுடைய உச்ச நேர அறுபது நிமிடத்தைத்தான் பதிவு செய்து அனுப்புகிறார்கள். இரண்டு மணி நேர முன்னிரவை ஒருமுறை வீட்டில் பதிவு செய்து, சமைக்கும்போது கேட்டுப் பாருங்கள். எரிச்சல் வராமல் ஓடினால் நல்லது.

நம் ஊருக்கென்று உள்ள இன்னொரு சோதனை இரவின் கடைசி முக்கால் மணியில் வருகிறது. ஊர் சீக்கிரம் அடங்கிவிடும்; ஆங்கிலப் பாட்டும் இந்திப் பாட்டும் ஓடிய பிறகு கூட்டம் தமிழ்க் குத்து கேட்கும். ஹவுஸ் இசை 120 முதல் 128 பிபிஎம்மில் நேரான நான்கு அடியில் நடப்பது. குத்துப் பாடல்களில் பல திஸ்ர நடையில், மேடைக்காரர்கள் சிக்ஸ் எய்ட் என்று சொல்லும் 6/8 தாளத்தில் அமைந்தவை. மென்பொருள் எல்லாவற்றையும் நான்கடியாகவே எண்ணப் பார்ப்பதால், இப்பாடல்களுக்கு அது காட்டும் பிபிஎம் பல நேரம் தவறாக இருக்கும். வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பி இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் டான்ஸ் ஃப்ளோரில் கால்கள் தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய பாடல்களில் தாளக் கருவிகளை மனிதர்களே வாசித்திருப்பதால் வேகம் பாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கவும் செய்யும். இங்கே கலப்பதைவிட வெட்டுவது மேல்: ஒரு பல்லவியின் முடிவிலோ, பறையடி தனியாக ஒலிக்கும் இடத்திலோ, எதிரொலியை விட்டு முந்தையதை நிறுத்திப் புதியதைத் துல்லியமாக முதல் அடியில் இறக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பெயர் பெற்ற டிஜேக்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள். மதுரையில் வளர்ந்த உங்களுக்கு இந்தத் தாளம் காதில் இருக்கிறது. அதை ஒரு குறையாக எண்ணி மறைக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் நீங்கள் எனக்கு அனுப்பிய பாடல் பட்டியலில் ஒரு தமிழ்ப் பாட்டுகூட இல்லை.

இரண்டாவது வழி, சொந்தமாக ஓர் இரவை நடத்துவது. கூட்டமில்லாத ஒரு வார நாளை மேனேஜரிடம் கேட்டு, 1990களின் தமிழ்ப் பாடல்கள் என்பதுபோல் ஒரு தெளிவான பெயரோடு மாதம் ஒருமுறை செய்யலாம். இத்தனை பேரைக் கொண்டுவருகிறேன் என்று எண்ணிக்கை மட்டும் வாக்களிக்காதீர்கள். நண்பர்கள் முதல் முறை முப்பது பேர் வருவார்கள், இரண்டாம் முறை பன்னிரண்டு பேர், மூன்றாம் முறை நீங்களும் உங்கள் அறைத்தோழரும்தான் இருப்பீர்கள். அதற்குள் அறிமுகமில்லாதவர்கள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட இசையைப் பொது இடத்தில் ஒலிக்கவிட பிபிஎல் போன்ற அமைப்புகளின் உரிமமும், பாடல்வரி, இசையமைப்பு உரிமைகளுக்கு ஐபிஆர்எஸ் உரிமமும் தேவைப்படும். வழக்கமாக இவற்றை இடத்துக்காரரே வைத்திருப்பார், என்றாலும் சிறப்பு நிகழ்ச்சி என்று டிக்கெட் போட்டால் தனியாகக் கேட்கக்கூடும் என்பதால் முன்பே எழுத்தில் தெளிவு செய்துகொள்ளுங்கள். மொட்டை மாடி, கடற்கரைப் புல்வெளி போன்ற திறந்த இடமானால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல், அது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தத்தைவிடக் குறைவு. போலீஸ் வந்து நிறுத்திய நிகழ்ச்சியில் யார் மீது தவறு என்று யாரும் ஆராயமாட்டார்கள். டிஜேயின் பெயர்தான் நினைவிருக்கும்.

மூன்றாவது வழியான பரிந்துரை, பார்களைவிடத் திருமணங்களில்தான் அதிகம் நடக்கிறது, அதை இளைஞர்கள் இழிவாகப் பார்ப்பது எனக்கு வருத்தம். முகூர்த்த நாளில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் மூன்று மண்டபங்களுக்கு ஆள் கேட்டிருப்பார்கள். அவரிடம் இரண்டு டிஜேக்கள்தான் இருப்பார்கள். திருமணத்துக்கு முன் ஆடிப்பாடிக் கொண்டாடும் சங்கீத் என்ற வடநாட்டு வழக்கம் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டதால் தேவை கூடியிருக்கிறது. முதல் வரிசையில் பாட்டி, நடுவில் குழந்தைகள், பின்னால் மணமகனின் கல்லூரி நண்பர்கள் என்ற கூட்டத்தை இரண்டு மணி நேரம் கலையாமல் வைத்திருக்கப் பழகியவருக்கு, வெள்ளிக்கிழமை பார் ஒரு பொருட்டே இல்லை. சட்டத்திலும் இங்கே ஒரு சலுகை உண்டு: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்தையும் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் உரிமத் தேவையிலிருந்து விலக்குகிறது, 2023இல் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. அப்படியிருந்தும் சில ஓட்டல்கள் உரிமச் சீட்டு கேட்கின்றன. அந்த வாக்குவாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம், குடும்பத்தாரும் ஓட்டலும் பேசிக்கொள்ளட்டும். கல்லூரி விழாக்களைப் பொறுத்தவரை, ஐஐடி மெட்ராஸின் சாரங் போன்ற பெரிய மேடைகளைத் தொடக்கத்தில் எண்ணாதீர்கள். துறை அளவிலான விழாக்களும் பிரிவுபசார விருந்துகளும் போதும்.

இனி ரெசிடென்சி. குறிப்பிட்ட நாளில் வாரந்தோறும் அதே டிஜே என்ற ஏற்பாடுதான் அது. புகழ்ச்சிப் பட்டம் ஒன்றுமில்லை. நான்கைந்து முறை மாற்றாளாகவோ முன்னிரவுக்கோ போட்டு, குழப்பம் எதுவும் இல்லாமல் முடித்திருந்தால், நீங்களே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எல்லா நாளையும் கேட்காமல், அவர்களுக்குச் சரியாகப் போகாத ஒரு நாளைச் சுட்டி, அன்று யார் வருகிறார்கள், என்ன போடப் போகிறீர்கள், எட்டு வாரம் கொடுத்தால் எதைப் பார்த்து அவர்கள் முடிவு செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அன்றைய பார் விற்பனையை அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் பதினொரு மணி ஆகும்போது எத்தனை மேசைகள் இன்னும் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நீங்களே எண்ணி எழுதிவைக்கலாம். நான் அந்த எண்ணிக்கையை ஒரு சிறிய நோட்டில் எழுதிவந்தேன், அதைக் காட்டித்தான் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாறினேன்.

ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. சம்பளம் மாதத்துக்கா இரவுக்கா, எத்தனை நாளில் வரும், வரி பிடித்தம் போக எவ்வளவு, வர முடியாத நாளில் மாற்றாளை யார் ஏற்பாடு செய்வது, பக்கத்து இடத்தில் வேறு நாளில் போடலாமா என்பவை எல்லோரும் கேட்பவை. பலர் கேட்க மறப்பது மதுவிலக்கு நாள்களைப் பற்றி. குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜயந்தி ஆகியவற்றோடு, தேர்தல் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரமும் பார் மூடியிருக்கும். அந்த நாள் உங்கள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் பணம் உண்டா இல்லையா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் ஓட்டலில் எனக்கு நான்கு மாதப் பணம் நின்றுபோனது, வாய்ச்சொல்லாகப் பேசியதால் கேட்க ஆதாரம் இல்லை, புது மேனேஜருக்கு என்னைத் தெரியவும் இல்லை. மேனேஜர்கள் வேறு ஊர் ஓட்டலுக்கு மாறிக்கொண்டே இருப்பவர்கள். அவர் ஒருவரை மட்டும் நம்பியிருந்த ரெசிடென்சி அவரோடு போய்விடும், ஆகவே இரண்டாம் நிலை அலுவலரும் கணக்குப் பிரிவும் உங்களை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருபவை என் அபிப்பிராயங்கள், மற்ற டிஜேக்கள் வேறு சொல்லலாம். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் சிடிஜேயில் பழகும் நேரமும் உங்களைப் போன்ற பத்துப் பேரின் நட்பும் அங்கே கிடைக்கின்றன, கட்டணம் அதற்குத் தகுமா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர் எண்ணிக்கையைச் சில இடங்கள் கேட்கின்றன; எண்ணிக்கை பெருத்தவர் அரங்கை நிரப்பியதையும், காலி அரங்கில் நின்றதையும் ஒரே மாதத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் என்னால் வர இயலவில்லை. இலவசமாகப் போடலாமா என்பதில் ஒவ்வொரு டிஜேயும் ஒவ்வொன்று சொல்வார். எனக்குச் சரியென்று படுவது: இன்னொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் இலவசமாக ஏறக் கூடாது, யாருமே இல்லாத நேரத்தை நிரப்ப ஓரிருமுறை ஏறலாம். உறவும் சிபாரிசும் இல்லாமல் முன்னேற முடியாதா என்று கேட்டால், சிபாரிசால் வந்தவர்கள் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். அவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை என்பதும் உண்மை.

வேலையை விடுவது பற்றி உங்கள் கடைசிக் கேள்வி. ஒரு ரெசிடென்சி என்பது வாரத்துக்கு ஓர் இரவு, நல்ல காலத்தில் இரண்டு. மீதி வருமானம் திருமணங்களிலிருந்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் செய்யமாட்டார்கள். மார்கழியின் பாதியை டிசம்பர் 31 ஈடு செய்துவிடும், ஆடியை எதுவும் ஈடு செய்யாது. இன்றைய வேலையிலிருந்து கொண்டே இரண்டு ஆடி மாதங்களை டிஜேயாகக் கடந்து பாருங்கள். அந்த இரண்டு மாதங்களிலும் அறை வாடகையை இந்த வருமானத்திலிருந்தே கொடுக்க முடிந்திருந்தால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். சம்பளத்தை எவ்வளவு கேட்பது என்பதைப் பேசுவோம்.